தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம்: டமாக்சிஃபென், லெட்ரோசோல் வகை மருந்துகள் – ஒரு மதிப்பீடு

ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து வீடு திரும்பும் மார்பகப் புற்றுநோயாளியின் கைக்குக் கடைசியாக வந்து சேர்வது ஒரு மாத்திரை அட்டை. தினம் ஒன்று. ஐந்து வருடம்; சிலருக்கு ஏழு, சிலருக்குப் பத்து. கீமோ மாதிரி கொத்தாக முடி கொட்டாது, வாந்தி வாட்டாது. அதனாலேயே இதை உட்கார்ந்து விளக்கிச் சொல்ல யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஆனால் நோய் திரும்பாமல் காப்பதில் பெரும்பங்கு இந்த மாத்திரைக்குத்தான். மூன்றாவது மாதத்தில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தப்படுவதும் இதுதான்.

பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. வார்டிலும் மருந்துக்கடையிலும் இதை "ஹார்மோன் மாத்திரை" என்கிறார்கள். ஹார்மோனை உடம்புக்குள் செலுத்துகிற மாத்திரை என்று நினைத்து, "ஹார்மோன் சாப்பிட்டால் மறுபடி கட்டி வருமாமே" என்று பயந்து ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. உண்மை நேரெதிர். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தின்று வளரும் கட்டிக்கு அந்தத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் இவற்றின் வேலை. டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் ஈஸ்ட்ரோஜன் தயாராவதையே தடுக்கும். பக்கவிளைவுகள் இரண்டாகப் பிரிவதும் இங்கேதான். முதலாவதில் கவலை கர்ப்பப்பைக்கும் ரத்த உறைவுக்கும். இரண்டாவதில் எலும்புக்கும் மூட்டுக்கும்.

மாத்திரையைத் தொடங்குமுன் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து "ஈ.ஆர்., பி.ஆர்." என்ற வரியைப் பாருங்கள்; ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் போய் உட்காரும் இடங்கள் கட்டியில் உண்டா என்று சொல்லும் வரி அது. ஈ.ஆர். 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ் என்று கணக்கு. 1 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் பலன் எவ்வளவு என்பது உறுதியில்லாத இடைநிலை. அப்படிப்பட்டவர் பக்கவிளைவு தாங்க முடியாமல் தவித்தால் டாக்டரோடு பேசித் தீர்மானிக்க இடமுண்டு. 90 சதவீதம் என்று எழுதியிருந்தால் இந்த மாத்திரை அவருக்குக் கீமோவைவிடக்கூட முக்கியமாக இருக்கலாம். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் நெகட்டிவ் என்றால் இதைச் சாப்பிடுவதில் பயனே இல்லை.

டமாக்சிஃபென் 20 மி.கி.

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் 1962-இல் தயாரித்த பொருள் இது. கருத்தடை மாத்திரைக்கான தேடலில் பிறந்தது. பெண்களிடம் அது எதிர்மாறாகக் கருமுட்டையை வெளியேற்றத் தூண்டியது, கருத்தடைக்கு உதவவில்லை. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1971-இல் வெளியானது. இந்தப் பழங்கதையில் இன்றைக்கும் உதவும் சேதி ஒன்று உண்டு: டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிலக்கு வராவிட்டாலும் கரு தங்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு இந்த மருந்து ஆகாது. ஆகவே இளம் வயதினருக்குக் கருத்தடை கட்டாயம். காப்பர்-டி அல்லது ஆணுறை சரி. ஹார்மோன் கலந்த கருத்தடை எதுவும் கூடாது.

பலனில் குறை சொல்ல இடமில்லை. ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால், சாப்பிடும் காலத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதியாகிறது. 15 வருடக் கணக்கில் மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாதவிலக்கு நிற்காதவர், நின்றவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் எல்லோருக்கும் கொடுக்கலாம். விலையும் குறைவு. இத்தனையும் ஒரே மாத்திரையில் அமைவது அபூர்வம்.

இனி குறைகள். கர்ப்பப்பையில் டமாக்சிஃபென் தடுப்பானாக இல்லாமல் ஈஸ்ட்ரோஜனாகவே நடந்துகொள்கிறது. உள்வரிச் சவ்வு தடிக்கும், சதை வளரும், சிலருக்குப் புற்றுநோயே வரும். அமெரிக்காவில் 13,388 பெண்களிடம் நடந்து 1998-இல் வெளியான தடுப்பு ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் 0.91 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தது. டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களில் 2.30 பேர். "இரண்டரை மடங்கு" என்று சொன்னால் நெஞ்சு பதறும். ஆயிரத்தில் ஒன்று, இரண்டாக ஆனது என்று பார்த்தால்தான் அளவு புரியும். கூடுதல் அபாயம் பெரும்பாலும் 50 வயது தாண்டியவர்களுக்கே. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது, ஆனால் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மாதவிலக்கு நின்ற ஒருவருக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், காப்பிக் கறை மாதிரி பழுப்பாகப் பட்டாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். "சூடு பிடித்திருக்கும்" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டு இரண்டு மாதம் தள்ளக் கூடாது. அதே சமயம், எந்தத் தொந்தரவும் இல்லாதவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பயப்படவும் தேவையில்லை. டமாக்சிஃபென் சாப்பிடுபவரின் உள்வரி ஸ்கேனில் தடிப்பாகத் தெரிவது சகஜம். 9 மி.மீ., 11 மி.மீ. என்று ரிப்போர்ட் வரும், அதைப் பார்த்துச் சுரண்டி எடுப்பார்கள், ஒன்றும் இருக்காது. ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு வழக்கமான ஸ்கேன் தேவையில்லை என்பதுதான் ஏற்கப்பட்ட நடைமுறை.

ரத்த உறைவுதான் இந்த மாத்திரையின் அவசர ஆபத்து. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் அழுத்தினால் வலி, திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல்: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். "டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்" என்ற வாக்கியத்தை அங்கே முதலில் சொல்லுங்கள். டாக்டரின் யோசனை சரியான திசையில் போகும். முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் தொடங்கும் முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து பார்ப்பார்கள். நீண்ட நேரம் படுக்கையில் வைக்கும் பெரிய ஆபரேஷன் வந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்யும் எலும்பு டாக்டருக்கு இது தானாகத் தெரிய வாய்ப்பில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெளியூர்ப் பேருந்திலோ விமானத்திலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார நேர்ந்தால் நடுவில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தவறுகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தப்போக்கு அதிகமானால் சீட்டே இல்லாமல் கடையில் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து. டமாக்சிஃபெனும் உறையும் போக்கைக் கூட்டும். இரண்டும் சேர்வது ஆபத்து. இரண்டாவது, கல்யாணம், கோயில் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெதிஸ்டெரோன். அது ஹார்மோனேதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர் அதைத் தொடவே கூடாது.

கண்ணில் புரை வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். விழித்திரைப் பாதிப்பு 20 மி.கி. அளவில் அரிது. பார்வை மங்கினால் கண் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். ஈரலில் கொழுப்பு படிவது அடிக்கடி நடக்கிறது, குறிப்பாக எடை கூடியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனையும் ட்ரைகிளிசரைடும் பார்ப்பது நல்லது. வெள்ளைப்படுதல், காலில் தசைப்பிடிப்பு, மாதவிலக்கு ஒழுங்கு தவறுவது எல்லாம் தொல்லைகள்தான், ஆபத்துகள் அல்ல.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன்

மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டுதான் இருக்கும். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கச்சாப்பொருளைக் கொழுப்பு, தசை முதலிய இடங்களில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்த நொதியைத்தான் இந்த மூன்றும் முடக்குகின்றன. லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி.; மூன்றுமே தினம் ஒன்று. முதல் இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். எக்ஸிமெஸ்டேன் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு; வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு ஏற்கும் அளவு குறைந்துவிடும். பலனில் ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்று சொல்ல முடியாது.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு இவை டமாக்சிஃபெனைவிடக் கொஞ்சம் மேல். 2015-இல் வெளியான கூட்டு ஆய்வில், பத்து வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் டமாக்சிஃபென் பக்கம் 14.2 சதவீதம், இந்தப் பக்கம் 12.1 சதவீதம். வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு. இது உயிர்க் கணக்கு. சின்னதென்று தள்ள முடியாது. ஆனால் மூட்டு வலி தாங்கவே முடியாமல் டமாக்சிஃபெனுக்கு மாறுபவர் எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக மருகவும் வேண்டாம். எதையும் சாப்பிடாமல் இருப்பதற்கும் டமாக்சிஃபென் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரிது.

9,366 பெண்களிடம் அனஸ்ட்ரோசோலையும் டமாக்சிஃபெனையும் ஒப்பிட்ட அட்டாக் ஆய்வில் பக்கவிளைவுகள் எப்படிப் பிரிகின்றன என்பது பளிச்சென்று தெரியும். எலும்பு முறிவு அனஸ்ட்ரோசோலில் 11 சதவீதம், டமாக்சிஃபெனில் 7.7. மூட்டுத் தொந்தரவு 35.6-க்கு 29.4. கர்ப்பப்பைப் புற்றுநோய் 0.2-க்கு 0.8. நாள ரத்த உறைவு 2.8-க்கு 4.5. மூட்டுத் தொந்தரவு வரியைக் கவனியுங்கள்: டமாக்சிஃபென் பக்கமும் முப்பதை நெருங்குகிறது. அந்த வயதில் மூட்டு வலி எப்படியும் பலருக்கு வரும். எல்லா வலியையும் மாத்திரையின் தலையில் போட்டுவிட முடியாது.

ஆனாலும் இந்த மாத்திரைகளின் வலிக்கு ஒரு தனி முகம் உண்டு. காலையில் எழுந்ததும் இரண்டு கையும் சேர்ந்து விறைத்திருக்கும். மோதிரம் கழறாது. பால் பாக்கெட்டின் மூலையைக் கிள்ள வராது. டம்ளரைப் பிடித்தால் நழுவும். முறுக்கு அச்சைப் பிழிய முடியாது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் நடமாடினால் அரை மணி நேரத்தில் இளகும். மறுபடி ஓர் இடத்தில் உட்கார்ந்தால் மறுபடி விறைக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கும். சிலருக்கு விரல் மடங்கிக்கொண்டு "டக்" என்று விடுபடும். சிலருக்கு மணிக்கட்டு நரம்பு அழுந்தி இரவில் விரல் மரத்துப்போகும். இது ருமாட்டிக் வாதம் அல்ல. மூட்டு உருக்குலைவதில்லை; மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் குறையும்.

வலிக்கிறதே என்று ஓய்வெடுப்பது வலியைக் கூட்டும். இதைச் சோதித்த ஓர் ஆய்வில் வாரம் 150 நிமிடம் வேக நடையும், வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு வலியின் உச்சம் 29 சதவீதம் குறைந்தது. எடை என்றதும் ஜிம் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்து முறை, இவற்றில் தொடங்கலாம். ஆபரேஷன் செய்த பக்கம் கை வீக்கம் இருந்தால் ஃபிசியோதெரபிஸ்டைக் கேட்டுவிட்டு எடையைக் கூட்டுங்கள். காலையில் வெந்நீரில் பத்து நிமிடம் கையை ஊறவைத்து விரல்களை மடக்கி நீட்டுவது அன்றைய வேலையைத் தொடங்க உதவும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பாரசிட்டமால் பயன்படலாம். டைக்ளோஃபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு.

இவ்வளவும் செய்தும் வலி ஓயவில்லையென்றால் அடுத்த வழி மாத்திரையை மாற்றுவது. நம் கருத்தில் இதுதான் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் உபாயம். சில வாரம் இடைவெளி விட்டு மூன்றில் இன்னொன்றைத் தொடங்குவார்கள். அனஸ்ட்ரோசோலில் வலி தாங்காமல் நிறுத்தியவர்களுக்கு ஒரு மாதம் கழித்து லெட்ரோசோல் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேர் ஆறு மாதம் கழித்தும் அதைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே வகைதான்; இருந்தும் ஒருவர் உடம்புக்கு ஒன்று ஒத்துப்போகிறது. டாக்டரிடம் "வலிக்கிறது, நிறுத்திவிடலாமா" என்று கேட்டால் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதே பதிலாக வரலாம். "வேறு மாத்திரைக்கு மாற்றித் தர முடியுமா" என்று கேளுங்கள். பேச்சு வேறு வழியில் போகும்.

எலும்பு தேய்வது வலிக்காது. அதனால்தான் அது பெரிய ஆபத்து. மாத்திரை தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவைக்க வேண்டும். பிறகு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே மெஷினில். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. ரிப்போர்ட்டில் "டி-ஸ்கோர்" என்று இருப்பதைப் பாருங்கள். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழோ போனால் எலும்புப்புரை, இடைப்பட்டது எச்சரிக்கை. குதிகாலில் ஜெல் தடவி முகாம்களில் இலவசமாகப் பார்க்கிறார்களே, அது டெக்ஸா ஆகாது. அதை நம்பி மருந்தைத் தீர்மானிக்க முடியாது.

கால்சியம் ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. வரை தேவை, இது சாப்பாட்டையும் சேர்த்து. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., இருநூறு மில்லி பாலில் சுமார் 240 மி.கி. கிடைக்கும். மீதிக்குத்தான் மாத்திரை. ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். இந்த ஒரு தப்பால் தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். எண் ஏறி, தைராய்டு டோஸை வீணாகக் கூட்டுவது நடக்கிறது. வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுப்பார்கள். எட்டு வாரம் முடிந்தது தெரியாமல் வருடக்கணக்கில் வாராவாரம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரலாம். எப்போது நிறுத்துவது என்று சீட்டிலேயே தேதி போட்டு வாங்குங்கள்.

டி-ஸ்கோர் குறைவாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பைக் காக்கும் சொலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. ட்ரிப்பில் ஏற்றுவார்கள், குறைந்தது 15 நிமிடம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு இது எலும்புக்குப் புற்றுநோய் பரவுவதையும் குறைக்கிறது என்பது கூடுதல் லாபம். முதல் முறை ஏற்றிய அன்று இரவு காய்ச்சலும் உடம்பு வலியும் வருவது சகஜம். பாரசிட்டமாலும் நிறைய தண்ணீரும் போதும். ஏற்றுமுன் இரண்டு காரியம்: சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை, பல் டாக்டர். ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் முதலில் பிடுங்கி ஆறவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரலாம். அதற்குப் பதில் எலும்புக்கே போடும் டெனோசுமாப் ஊசி என்றால் ஆறு மாதத் தவணை தவறவே கூடாது. சட்டென்று விட்டால் முதுகெலும்பில் அடுத்தடுத்து முறிவு நேர்ந்திருக்கிறது.

கொலஸ்ட்ரால் ஏறலாம், வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். முடி கொஞ்சம் மெலியும்.

மாதவிலக்கு நின்றுவிட்டதா, உண்மையாகவா?

லெட்ரோசோல் வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: சினைப்பை வேலை செய்யக் கூடாது. வேலை செய்யும் சினைப்பை உள்ள பெண்ணுக்கு இதைத் தனியாகக் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைவதைக் கண்டு மூளை சினைப்பையை மேலும் விரட்டும், கருமுட்டை வெளிவரும். குழந்தையில்லாதவர்களுக்கு இதே லெட்ரோசோலை ஐந்து நாள் கொடுப்பது இந்தக் காரணத்தால்தான். "இது குழந்தைக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே, உங்களுக்கு எதுக்கு?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டால் குழம்ப வேண்டாம்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். நாற்பது வயதில் கீமோ முடிந்து மாதவிலக்கு நின்றிருக்கும். நின்றேவிட்டது என்று எண்ணி லெட்ரோசோல் எழுதுவார்கள். எட்டு மாதம் கழித்து மாதவிலக்கு திரும்பி வரும். இன்னொன்று, கர்ப்பப்பை எடுத்தவர்கள். முப்பத்தைந்து வயதிலேயே கர்ப்பப்பை எடுத்தவர்கள் நம் கிராமங்களில் நிறைய. மாதவிலக்கு வராது, ஆனால் சினைப்பை உள்ளேயே இருந்து தினமும் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கும். ஆபரேஷன் சம்மரியைத் தேடி எடுத்து, சினைப்பையும் எடுத்தார்களா என்று பாருங்கள். சம்மரி தொலைந்திருந்தால் ஸ்கேனும், சினைப்பை வேலை செய்கிறதா என்று காட்டும் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் லெட்ரோசோல் வகையில் இருந்தால் ஈஸ்ட்ரடையாலை அவ்வப்போது திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸிமெஸ்டேன் சாப்பிடுபவருக்குச் சாதாரண லேப் முறையில் ஈஸ்ட்ரடையால் பொய்யாக உயர்ந்து தெரியலாம். அந்த மருந்தின் மூலக்கூறு ஸ்டீராய்டு என்பதால் பரிசோதனையே ஏமாறுகிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்க்கும் லேபைக் கேளுங்கள்.

இளம் வயதில் மறுபடி வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்குச் சினைப்பையை ஊசியால் உறங்கவைத்துவிட்டு இந்த மாத்திரையைக் கொடுப்பார்கள். கோசெரலின் 3.6 மி.கி., 28 நாளுக்கு ஒருமுறை, தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோலடியில். அரிசி அளவு மருந்துத் துண்டு உள்ளே போக வேண்டியிருப்பதால் ஊசி தடிமன். ஐஸ் வைத்து மரக்கவைத்துப் போடச் சொல்லலாம். லியூப்ரோலைட் 3.75 மி.கி. மாத ஊசியும் உண்டு. 28 நாள் என்றால் 28 நாள்தான். ஊருக்குப் போயிருந்தேன் என்று 40-ஆம் நாள் போட்டால், நடுவில் சினைப்பை விழித்துக்கொண்டு மாத்திரை வேலைசெய்யாத காலம் உருவாகிறது. இப்படித் தவணை தவறும் வாய்ப்புள்ளவர்களும், மாதாமாதம் செலவு கட்டாதவர்களும், இனி குழந்தை வேண்டாம் என்று தீர்மானித்திருந்தால், லேப்ராஸ்கோப்பியில் சினைப்பையை எடுத்துவிடுவதைப் பற்றி டாக்டரோடு பேசலாம். அது திரும்ப முடியாத முடிவு என்பது தெரிந்து எடுக்க வேண்டும்.

எந்த மருந்தோடு சேரக் கூடாது

டமாக்சிஃபென் விழுங்கிய நிலையில் பாதி மருந்துதான். ஈரலில் சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி அதை எண்டாக்சிஃபெனாக மாற்றிய பிறகே முழு வீரியம் வரும். அந்த நொதியைக் கட்டிப்போடும் மருந்துகளில் பராக்சடின், ஃப்ளூவாக்சடின், பூப்ரோபியான் ஆகிய மனச்சோர்வு மாத்திரைகள் பேர்போனவை. பேர்போகாத ஒன்று டெர்பினாஃபின், படர்தாமரைக்கு வாரக்கணக்கில் கொடுக்கும் மாத்திரை. தோல் டாக்டரிடம் போகும்போது இதைச் சொல்லி வேறு மருந்தோ களிம்போ கேட்கலாம். இதைவிடப் பெரியது ரிஃபாம்பிசின். டி.பி. வந்து அதைத் தொடங்கினால் டமாக்சிஃபென் உடம்பில் தங்கும் அளவு 86 சதவீதம் வரை குறைகிறது. மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாத கதை. புற்றுநோய் டாக்டரும் டி.பி. டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆக வேண்டிய இடம் இது. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் கசியும் ஆபத்து ஏறும்.

மஞ்சள் பற்றிக் கேட்காதவர் இல்லை. குழம்பில் போடும் மஞ்சள் குற்றமில்லை. நெதர்லாந்தில் ஒரு சிறு ஆய்வில் குர்குமின் 1,200 மி.கி. தினம் மூன்று வேளை, மிளகுச் சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. அந்த அளவு கேப்சூலில்தான் வரும், சமையலில் வராது. ஆகவே குர்குமின் கேப்சூல் வேண்டாம். சோயா சாப்பாட்டு அளவில் பரவாயில்லை, மாத்திரையாக வேண்டாம்.

உள்ளுக்குள் எரியும் சூடு

நான்கு மருந்துக்கும் பொது இது. நெஞ்சிலிருந்து கழுத்துக்குக் குப்பென்று ஏறும், முகம் சிவக்கும், ஜாக்கெட் நனையும், பிறகு குளிரும். இரவில் மூன்று நான்கு முறை எழுப்பினால் தூக்கம் போய், பகலில் எரிச்சலும் மறதியும் சேரும். வெறும் சூடு என்று சகிக்கச் சொல்வது நியாயமில்லை, மருந்து உண்டு. வென்லாஃபாக்சின் 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை. டமாக்சிஃபெனோடு ஒத்துப்போகும் மருந்து இது. நிறுத்தும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தலைசுற்றும். இரவுத் தொந்தரவு அதிகமென்றால் கபாபென்டின். ஆக்சிபுட்டினின் 2.5 மி.கி. இரண்டு வேளையும் பலன் தருகிறது, வாய் வறளும்.

பிறப்புறுப்பு வறட்சியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லெட்ரோசோல் வகையில் இது கடுமை. தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் எரிச்சல், திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று என்று வரும். ஈரப்பதமூட்டும் ஜெல்லை வாரம் இரண்டு மூன்று முறை தடவலாம். உறவின்போது நீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான ஜெல். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் சிறிதளவு ரத்தத்தில் ஏறும். லெட்ரோசோல் வகையில் இருப்பவர் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

வாங்கும்போது

மேலட்டையில் பிராண்ட் பெயர் பெரிதாக இருக்கும். அடியில் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் மி.கி. அளவையும் படித்து வாங்குங்கள். டமாக்சிஃபென் 10 மி.கி. அட்டையும் வருகிறது, 20 எழுதியிருக்க 10 கொடுத்தால் மாதக்கணக்கில் பாதி மருந்துதான் போகும். பொது மருந்துப் பெயரில் வரும் விலை குறைந்த மாத்திரை ஏற்றதே. மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தபோது போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள், இரண்டு வேண்டாம். இந்த மருந்துகள் உடம்பில் பல நாள் தங்கும். ஒரு நாள் தவறினால் குடி முழுகாது. மாதத்தில் பத்து நாள் தவறினால் முழுகும்.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இப்போது வழி இருக்கிறது. 18 முதல் 30 மாதம் சாப்பிட்ட பிறகு நிறுத்தி, மூன்று மாதம் மருந்து வெளியேறக் காத்திருந்து, இரண்டு வருடத்துக்குள் குழந்தை பெற்று மறுபடி தொடங்கிய பெண்களிடம், மூன்று வருடக் கணக்கில் நோய் அதிகமாகத் திரும்பவில்லை என்று 2023-இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வு காட்டியது. நீண்ட காலக் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

ஐந்து வருடம் முடியும்போது "நிறுத்தலாமா, தொடரலாமா" என்ற கேள்வி வரும். டமாக்சிஃபெனைப் பத்து வருடமாக நீட்டிய அட்லஸ் ஆய்வில் மார்பகப் புற்றுநோய் மரணம் மேலும் குறைந்தது. கர்ப்பப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 1.6 சதவீதத்திலிருந்து 3.1 ஆனது. நெறிக்கட்டியில் நோய் இருந்தவர்களுக்கு நீட்டுவதில் அர்த்தமுண்டு. சிறிய கட்டி, நெறிக்கட்டி சுத்தம் என்றால் பெரும்பாலும் ஐந்து போதும். ஐந்து வருட ஹார்மோன் சிகிச்சை முடிந்தவர்களுக்கு அனஸ்ட்ரோசோலை இன்னும் இரண்டு வருடம் கொடுப்பதையும் ஐந்து வருடம் கொடுப்பதையும் ஆஸ்திரியாவில் ஒப்பிட்டார்கள். நோய் திரும்புவதில் வித்தியாசமில்லை. எலும்பு முறிவு மட்டும் 4.7-லிருந்து 6.3 சதவீதமாக ஏறியது. அந்தச் சந்திப்புக்குப் போகும்போது பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் கடைசி டெக்ஸா ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். எத்தனை நெறிக்கட்டியில் நோய் இருந்தது, டி-ஸ்கோர் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் டாக்டர் முதலில் கேட்பார்.